சிங்கப்பூர் நடைபாதையில் சைக்கிளுக்கு இடம் உண்டு, மின்ஸ்கூட்டருக்கு இல்லை. ஏன்?

கேள்வி இது: "குடும்பத்தோடு சிங்கப்பூர் வரப்போகிறோம், பொங்கோலில் வீடு பார்த்திருக்கிறோம். அங்கே நடைபாதையில் சைக்கிள் ஓட்டலாம், ஆனால் மின்ஸ்கூட்டர் ஓட்டினால் சிறைக்கே அனுப்புவார்கள் என்கிறார்கள். இரண்டும் சக்கரம்தானே, எதற்கு இந்தப் பாகுபாடு? 14 வயது மகன் ஸ்கூட்டர் வேண்டும் என்று நிற்கிறான். வாங்கித் தரலாமா?"

முதலில் சட்டம் இன்று என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். சாதாரண சைக்கிள், பக்கத்தில் சைக்கிள் பாதை இல்லாத நடைபாதையில் போகலாம், மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25 வரை போகலாம். சாலையிலும் போகலாம், ஆனால் தலைக்கவசம் கட்டாயம், விரைவுச்சாலைகளில் அனுமதி கிடையாது. மோட்டார் இல்லாமல் காலால் உந்தித் தள்ளும் ஸ்கூட்டர் நடைபாதையில் போகலாம். நின்றபடி ஓட்டும் மோட்டார் உள்ள ஸ்கூட்டருக்கு, அதாவது மின்ஸ்கூட்டருக்கு, நடைபாதையும் கிடையாது, சாலையும் கிடையாது. சைக்கிள் பாதை ஒன்றுதான். மிதித்தால் மோட்டார் துணைக்கு வரும் மின்சைக்கிளுக்குச் சாலையும் சைக்கிள் பாதையும் உண்டு, நடைபாதை இல்லை. மின்ஸ்கூட்டரை நடைபாதையில் ஓட்டிப் பிடிபட்டால் 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முதல் முறை மாட்டிய எல்லோரையும் உள்ளே தள்ளுகிறார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனாலும் சட்டத்தில் அது இருக்கிறது.

பாகுபாடு எதற்கு என்ற கேள்விக்கு, இந்த ஊர் வந்த வழியைக் கொஞ்சம் பார்த்தால்தான் பதில் பிடிபடும்.

2018 வரை சிங்கப்பூரில் பொதுவாக நடைபாதையில் சைக்கிள் ஓட்டுவதே குற்றம். விதிவிலக்கு தெம்பனிஸ் என்ற குடியிருப்பு நகரம். அங்கே 2007-ல் சோதனையாகத் தொடங்கி 2010-ல் நிரந்தரமாக அனுமதித்தார்கள். மற்ற ஊர்களில் சட்டம் ஒன்றாகவும் நடப்பு வேறாகவும் இருந்தது. சந்தைக்குப் போகும் பாட்டி, பள்ளிப் பிள்ளைகள், விடுதியிலிருந்து வேலைத்தளத்துக்குப் போகும் நம் ஊர்த் தொழிலாளர்கள் எல்லோரும் நடைபாதையில்தான் சைக்கிள் ஓட்டினார்கள். லாரிக்கும் பேருந்துக்கும் நடுவே சாலையில் ஓட்டு என்று அவர்களிடம் சொல்ல யாருக்கும் மனம் வராது. 2015-ல் அரசு ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தது, 2016-ல் அது பரிந்துரைகளைக் கொடுத்தது, 2017 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியது, 2018 மே 1-ல் நடைமுறைக்கு வந்தது. சைக்கிளோடு சேர்த்து மின்ஸ்கூட்டர், மோட்டார் உள்ள ஒற்றைச் சக்கர வண்டி, ஹோவர்போர்டு எல்லாவற்றுக்கும் நடைபாதை திறக்கப்பட்டது. எடை 20 கிலோவுக்குள், அகலம் 70 சென்டிமீட்டருக்குள், சாதனத்தின் உச்ச வேகம் 25 என்று வரம்பு வைத்தார்கள். நடைபாதையில் வேக வரம்பு 15.

நோக்கத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. சொந்தக் கார் வாங்குவதற்குள் பாதி ஆயுள் போய்விடும் ஊரில், எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வீடு வரையிலான அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டருக்கு ஒரு வழி வேண்டும்தான். ஆனால் வரிசை தப்பிவிட்டது. சக்கரங்களுக்கான பாதை போட்டு முடிக்கும் முன்பே, நடப்பவர்களின் பாதையைச் சக்கரங்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2019-ல் சிங்கப்பூரில் நடைபாதை சுமார் 5,500 கிலோமீட்டர், சைக்கிள் பாதை 440 கிலோமீட்டர். திறந்துவிட்ட சுமை முழுக்க எங்கே போய் விழும் என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

பழைய குடியிருப்புப் பகுதிகளில் நடைபாதை பல இடங்களில் ஒன்றரை மீட்டர்தான். குடை பிடித்த ஒருவரும், தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவரும் ஒருவரையொருவர் கடக்கவே கொஞ்சம் ஒதுங்க வேண்டும். அந்த அகலத்தில் 70 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு சாதனம் வந்தால் பாதையில் பாதி அதற்கே போய்விடும். அதற்கு மேல் பக்கவாட்டு வழிகள் வேறு. வீவக (அரசு வீடமைப்புக் கழகம்) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலிருந்து ஆள் வெளியே வரும் இடத்தில் தூண் மறைக்கும். கூரை போட்ட இணைப்பு நடைபாதைகளிலும் தூண்கள். மழை வந்தால் ஊரே அந்தக் கூரைக்கு அடியில்தான், சக்கரக்காரர்களும் சேர்த்து. வெயிலிலும் அப்படியே. நடைபாதை என்பது நடந்து போகும் இடம் மட்டும் இல்லை, நிழலும் அங்கேதான் இருக்கிறது. பக்கத்திலேயே வெட்டவெளியில் அகலமான பாதை இருந்தும் ஆட்கள் ஏன் குறுகலான நடைபாதைக்கே வருகிறார்கள் என்று திட்டமிடுபவர்கள் சில நேரம் வியப்பார்கள். மதியம் இரண்டு மணிக்கு அந்த வெட்டவெளியில் ஒரு தரம் ஓட்டிப் பார்த்தால் வியப்பு அடங்கிவிடும்.

இனி வேகக் கணக்கு. நடப்பவர் மணிக்கு 5 கிலோமீட்டர் போகிறார், அதாவது நொடிக்கு 1.4 மீட்டர். 25-ல் வரும் ஸ்கூட்டர் நொடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர் வருகிறது. ஆபத்தைப் பார்த்துக் கை பிரேக்கைத் தொட ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 7 மீட்டர் போயிருக்கும். புளோக்கின் தூணுக்கும் நடைபாதைக்கும் நடுவே எந்த ஊரில் 7 மீட்டர் இருக்கிறது? 10-ல் வந்தால் அதே ஒரு நொடியில் 2.8 மீட்டர். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதே வண்டி, அதே ஆள், 10-க்குப் பதில் 25-ல் வந்து இடித்தால் அடி இரண்டரை மடங்கு இல்லை, ஆறேகால் மடங்கு. இடிபடுபவர் எழுபது வயதுக்காரராக இருந்தால் விழுவதே பெரிய காயம். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு பழையபடி நடமாடுவது அந்த வயதில் எளிது இல்லை, இந்த ஊரிலோ முதியவர்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள்.

சைக்கிளாலும் 25-ல் போக முடியுமே என்று கேட்பீர்கள். முடியும். ஆனால் நடைபாதையில் மிதிப்பவர் கூட்டத்தைப் பார்த்தால் தானாக மெதுவாகிறார். நின்று நின்று மறுபடி மிதிப்பது கால் வலி, அதனால் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து உருட்டிக்கொண்டு வருகிறார். மோட்டாரில் வருபவருக்கு அந்த வலி இல்லை. கட்டைவிரலை அழுத்தினால் இரண்டு மூன்று நொடியில் பழைய வேகம் வந்துவிடும், ஆகவே இடைவெளி கிடைத்த இடத்திலெல்லாம் அழுத்தத் தோன்றும். அதோடு ஸ்கூட்டரின் சக்கரம் சிறியது, ஓடு பெயர்ந்த இடத்தில் திடீரென்று திரும்பும். சத்தமும் இல்லை, பின்னால் வருவதே தெரியாது. வேகக் கட்டுப்பாட்டைக் கழற்றிவிட்டு 40, 50 போகும்படி மாற்றித் தருவதும் அந்த நாட்களில் சகஜமாக இருந்தது. 20 கிலோ வரம்பைத் தாண்டிய கனமான வண்டிகளும் ஓடின. பாதையில் நிற்கும் அதிகாரி கண்ணால் பார்த்து இவற்றைக் கண்டுபிடிக்க முடியாது, பிடித்து நிறுத்தி எடை போட வேண்டும். சைக்கிளில் ஏமாற்ற வேண்டுமானால் கால்தான் உழைக்க வேண்டும். இந்த வேறுபாட்டைத்தான் நீங்கள் பாகுபாடு என்கிறீர்கள். எனக்கு அது நியாயமான வேறுபாடாகவே படுகிறது.

2017, 2018 இரண்டு ஆண்டுகளில் பொதுப் பாதைகளில் மின்ஸ்கூட்டர் போன்ற தனிநபர் நடமாட்டச் சாதனங்கள் சம்பந்தப்பட்ட விபத்துகள் 228 பதிவாயின. 2019 பிப்ரவரியில் நடைபாதை வேகத்தை 15-லிருந்து 10-க்கு இறக்கினார்கள். அந்த ஆண்டே மின்ஸ்கூட்டர் பதிவும் கட்டாயமானது, ஏறக்குறைய ஒரு லட்சம் வண்டிகள் பதிவாயின. ஜூலையில் புக்கிட் பாத்தோக்கில் ஒரு வீட்டில் இந்தச் சாதனங்களால் பிடித்த தீயில் ஒருவர் இறந்தார். செப்டம்பரில் பிடோக்கில் ஒரு மின்ஸ்கூட்டர் மோதி முதிய பெண்மணி ஒருவர் இறந்தார். அவர் நடந்து போனவர் இல்லை, சைக்கிளில் போனவர். அதே காலத்தில் பல நகர மன்றங்கள் புளோக்குகளின் கீழ்த்தளத்தில் இவற்றை ஓட்டக்கூடாது என்று தடுத்தன. நவம்பர் 4-ஆம் தேதி போக்குவரத்து மூத்த துணையமைச்சர் லாம் பின் மின் நாடாளுமன்றத்தில் அறிவித்தார்: நாளை முதல் நடைபாதையில் மின்ஸ்கூட்டர் கூடாது. ஆண்டு முடியும் வரை எச்சரிக்கை, 2020 ஜனவரி 1 முதல் தண்டனை. ஏப்ரலில் மோட்டார் உள்ள மற்ற சாதனங்களுக்கும் அதே தடை.

மறுநாளே தடை என்றதில்தான் எனக்கு வருத்தம். அன்று மின்ஸ்கூட்டரில் உணவு கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைத்தவர்கள் சுமார் 7,000 பேர். ஓர் ஆர்டருக்கு இவ்வளவு என்று கூலி, நேரம் தவறினால் அடுத்த ஆர்டர் போய்விடும். அவர்களில் பலர் கடன் வாங்கி வண்டி வாங்கியவர்கள். 5,500 கிலோமீட்டர் பாதை ஒரே இரவில் 440 ஆகிவிட்டது, அதுவும் துண்டு துண்டாக. ஒரு கோழிச்சோற்றுக் கடையிலிருந்து ஒரு வீட்டு வாசல் வரை முழுக்கச் சைக்கிள் பாதையிலேயே போக முடிகிற இடம் அன்று மிகக் குறைவு. நாடாளுமன்ற உறுப்பினர்கள் மக்களைச் சந்திக்கும் இரவுகளில் இந்த ஓட்டிகள் கூட்டமாகப் போய் முறையிட்டார்கள். பிறகு அரசும், உணவு கொண்டுசேர்க்கும் கிராப், ஃபுட்பாண்டா, டெலிவெரூ நிறுவனங்களும் சேர்ந்து 70 லட்சம் வெள்ளி ஒதுக்கி, மின்ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு மின்சைக்கிளோ சைக்கிளோ வாங்க ஆளுக்கு 1,000 வெள்ளி வரை கொடுத்தன. முதலிலேயே ஆறு மாத அவகாசமும் அந்தத் தொகையும் கொடுத்திருந்தால் அந்த இரவுகள் தேவைப்பட்டிருக்காது. தடை சரி, அதைச் செய்த விதம் சரியில்லை என்பதே என் கருத்து. நேரம் தவறாமல் சேர்க்கச் சொல்லும் செயலியையும் கூலி முறையையும் அப்படியே விட்டுவிட்டு ஓட்டுபவரை மட்டும் திட்டுவதும் சரியில்லை. வேகமாகப் போனால்தான் அவருக்குக் காசு.

தடைக்குப் பிறகு நடந்ததும் சுவையான கதை. முதியவர்களும் நடக்க முடியாதவர்களும் உட்கார்ந்து போகும் மூன்று, நான்கு சக்கர மின்வண்டிகள் இருக்கின்றன, அவற்றை நடைபாதையிலிருந்து விலக்க முடியாது, விலக்கவும் கூடாது. நல்ல காலோடு இருந்த சிலர் அந்த வண்டிகளுக்கு மாறிக்கொண்டார்கள். பின்னால் உணவுப் பெட்டி கட்டி அதிலேயே வேலைக்குப் போனவர்களும் உண்டு. அதனால் இந்த வண்டிகளின் வேக வரம்பை 10-லிருந்து 6-க்கு இறக்குவது, மருத்துவத் தேவைக்குச் சான்று கேட்பது என்ற பரிந்துரைகளை அரசு 2024-ல் ஏற்றுக்கொண்டது. 6 என்பது கொஞ்சம் வேகமாக நடப்பவரின் வேகம். ஜப்பானும் இதே எண்ணுக்குத்தான் வந்து சேர்ந்தது. அங்கே 2023 ஜூலையில் மின்ஸ்கூட்டருக்குத் தனி வகை உண்டாக்கினார்கள், சாலையில் 20 வரை, அனுமதித்த நடைபாதைகளில் 6 மட்டும், அப்போது பச்சை விளக்கு மினுக்க வேண்டும். பாரிஸ் வேறு வழி போனது. 2023 ஏப்ரலில் வாடகை மின்ஸ்கூட்டர் வேண்டுமா என்று வாக்கெடுப்பே நடத்தி, வந்து வாக்களித்தவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். வந்தவர்கள் என்னவோ பத்தில் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் செப்டம்பரில் வண்டிகள் ஊரை விட்டுப் போய்விட்டன.

இதெல்லாம் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது: ஒரே பாதையைப் பகிர்வது நடைவேகத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் ஒத்துவரும். அதற்கு மேல் வேகம் வேண்டும் என்பவர்களுக்குத் தனிக் கோடு வேண்டும். அந்தக் கோட்டுக்கான நிலத்தை நடப்பவரிடமிருந்து பிடுங்காமல், புல்தரையிலிருந்தோ சாலையிலிருந்தோ எடுக்க வேண்டும். அங் மோ கியோவுக்குப் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். நடப்பதற்கும் சைக்கிளுக்குமான மாதிரி நகரம் என்று சொல்லி, 2016-ல் முதல் கட்டமாக 2.6 கிலோமீட்டர் திறந்தார்கள். நடைபாதை ஒரு பக்கம், செம்மண் நிறத்தில் சைக்கிள் பாதை ஒரு பக்கம். பேருந்து நிறுத்தம் வரும் இடத்தில் சைக்கிள் பாதை நிறுத்தத்துக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போகிறது, அங்கே நடப்பவர்களுக்கே முன்னுரிமை என்று தரையில் எழுதியிருக்கிறது. பேருந்திலிருந்து இறங்குபவர் நேரே சைக்கிள் முன் கால் வைப்பதுதான் பகிர்வுப் பாதைகளில் மிக மோசமான இடம். அதைச் சட்டத்தால் சரிசெய்ய முடியாது, கொத்தனார்தான் சரிசெய்ய முடியும்.

இப்போது தீவு முழுக்க 2030-க்குள் சைக்கிள் பாதையை 1,300 கிலோமீட்டர் ஆக்குவது திட்டம். பாதை வந்ததும் சட்டமும் அதற்கேற்ப மாறியது. 2025 ஜூலை 1 முதல், சைக்கிள் பாதையை ஒட்டிப் போகும் நடைபாதை நடப்பவருக்கு மட்டும், சைக்கிளும் அதில் ஏறக்கூடாது. சைக்கிள் பாதை இல்லாத இடத்தில் பழையபடி நடைபாதையில் ஓட்டலாம். 2018-லேயே வந்திருக்க வேண்டிய வரிசை இது. நடப்பவர் சைக்கிள் பாதையில் போனால் குற்றம் இல்லை, போகாமல் இருங்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். சில சைக்கிளோட்டிகளுக்கு இதில் கோபம், எங்களுக்கு மட்டும் தண்டனையா என்று. இடித்தால் யாருக்கு அடி அதிகம் என்று பார்த்தால் இது சரிதான். ஆனால் கைபேசியைப் பார்த்துக்கொண்டே செந்நிறப் பாதையின் நடுவில் உலாவுபவர்களைப் பார்க்கும்போது எனக்கும் எரிச்சல் வராமல் இல்லை.

பொங்கோல் புதிய நகரம் என்பதால் உங்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம், நீர்வழியை ஒட்டி அகலமான பாதைகள் உண்டு. சனி, ஞாயிறு மாலையில் அங்கே குழந்தைகளும் நாய்களும் நிறைந்திருக்கும், அப்போது 25 அனுமதிக்கிறார்கள் என்று 25-ல் போகாதீர்கள். இடப்பக்கம் ஓட்டுங்கள். முன்னே போகிறவரின் முதுகுக்கு ஒட்டி வந்து மணி அடித்தால் அவர் திடுக்கிட்டு எந்தப் பக்கம் தாவுவார் என்று அவருக்கே தெரியாது. பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளியே ஒரு தரம் அடித்துவிட்டு வேகத்தைக் குறையுங்கள். "எக்ஸ்கியூஸ் மீ" என்ற குரல் மணியைவிட நன்றாக வேலை செய்கிறது, முதியவர்களிடம் "அங்கிள்", "ஆன்ட்டி" சேர்த்தால் இன்னும் நல்லது. சாலையைக் கடக்கும் இடத்தில் பச்சை விழுந்தாலும் நின்று பார்த்துவிட்டே போக வேண்டும், இது 2019-லிருந்து விதி. திரும்பும் கார் ஓட்டுநர் நடப்பவரின் வேகத்தை மனதில் வைத்துத்தான் பக்கவாட்டில் பார்ப்பார், சக்கரத்தில் பாய்ந்து வருபவர் அவர் கண்ணில் படமாட்டார். நடப்பவர்களுக்கான மேம்பாலத்தில் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

சைக்கிளைக் கண்ட இடத்தில் நிறுத்துவதும் பாதைப் பகிர்வுதான் என்பதை மறந்துவிடுகிறோம். 2017-ல் ஓபைக், ஓஃபோ, மோபைக் என்று வாடகைச் சைக்கிள்கள் கொட்டிக் கிடந்தபோது நடைபாதையில் கால் வைக்க இடமில்லை. சக்கர நாற்காலியில் வந்தவர்கள் சாலையில் இறங்க வேண்டியிருந்தது. 2018 ஜூனில் ஓபைக் கடையை மூடிக்கொண்டு போனது, பிறகு உரிமமும், நிறுத்தும் இடத்தில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யும் கட்டாயமும் வந்தன. இப்போது பரவாயில்லை.

சரி, மகன் விஷயம். மின்ஸ்கூட்டர் வேண்டாம். 16 வயதுக்குக் கீழே இருப்பவர் அதைத் தனியாக ஓட்டவே கூடாது, ஓட்டும் விதிகளைக் கேட்கும் கோட்பாட்டுத் தேர்வில் தேறிய பெரியவர் ஒருவர் கூடவே இருந்து கண்காணிக்க வேண்டும். அந்தத் தேர்வு 2022 ஜனவரியிலிருந்து கட்டாயம். வண்டியைப் பதிவு செய்ய வேண்டும், யூஎல்2272 என்ற தீப்பாதுகாப்புச் சான்று இல்லாத வண்டியை ஓட்ட முடியாது. ஊரிலிருந்தோ இணையத்திலோ மலிவாக வாங்கி வருகிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள். இவ்வளவும் செய்த பிறகும் வீட்டு வாசலிலிருந்து சைக்கிள் பாதை தொடங்கும் இடம் வரை மோட்டாரை நிறுத்திவிட்டுத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். மின்சைக்கிளுக்கும் 16 வயது ஆக வேண்டும், தேர்வும் உண்டு.

நல்ல பிரேக் உள்ள சாதாரண சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுங்கள். முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு, ஒரு தலைக்கவசம். முதல் வாரம் பள்ளிக்குப் போகும் வழியில் நீங்களும் கூட ஓட்டிப் போய், எங்கே செந்நிறப் பாதை முடிந்து நடைபாதை தொடங்குகிறது, எந்த புளோக் மூலையில் ஆள் திடீரென்று வருவார் என்று காட்டிவிடுங்கள். ஸ்கூட்டர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் காலால் உந்துவதை வாங்கலாம். மின்தூக்கியில் எளிதாக ஏற்றலாம், பேருந்திலும் எம்ஆர்டியிலும் மடித்துக் கையில் எடுத்துக்கொள்ளலாம், தேர்வும் பதிவும் தேவையில்லை.